எய்ம்ஸ் வாசல்: நோயாளிக்குக் கடினமான கடைசி ஒரு கிலோமீட்டர்

புது தில்லி: பாட்னாவிலிருந்து தலைநகருக்கு ரயிலில் ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர். சிகிச்சைக்காக வரும் புற்றுநோயாளி, படுக்கை வசதி கொண்ட இரண்டாம் வகுப்பில் அந்தத் தொலைவைக் கட்டணமின்றியே கடந்துவிடலாம். உடன் வருபவருக்குக் கட்டணத்தில் முக்கால் பங்கு தள்ளுபடி உண்டு. 2020 மார்ச்சில் மூத்த குடிமக்களுக்கான சலுகையை நிறுத்திய ரயில்வே, நோயாளிகளுக்கான சலுகையில் கைவைக்கவில்லை. ஆனால், அந்தப் பரிவு ரயில் நிலையத்தோடு முடிந்துவிடுகிறது. நடைமேடையில் இறங்கியது முதல் மருத்துவர் முன் அமரும் வரை அவர் கூட்டத்தில் ஒருவர்தான்.

1956-ல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் அமைக்கப்பட்ட அகில இந்திய மருத்துவ அறிவியல் கழகத்துக்கு (எய்ம்ஸ்) நாள்தோறும் பத்தாயிரத்துக்கும் அதிகமான புறநோயாளிகள் வருகின்றனர். பிகார், உத்தரப் பிரதேசம், ஹரியாணா என வட மாநிலங்கள் பலவற்றுக்கும் கடைசி நம்பிக்கை அதுவே. அரவிந்தர் சாலையின் எதிர்ப்புறத்தில் சஃப்தர்ஜங் மருத்துவமனை. நாட்டின் மிகப்பெரிய அரசு மருத்துவமனைகளில் இரண்டு ஒரே சாலையின் இரு கரைகளில் நிற்கின்றன. சற்றுத் தள்ளி அந்தச் சாலையைச் சுற்றுச் சாலை வெட்டிச் செல்கிறது. நோயாளியும் ஆம்புலன்ஸும் அலுவலகம் செல்லும் காரும் ஒரே நெரிசலில் முந்தப் பார்க்கும் இடம் அது.

மெட்ரோ தந்த மாற்றம்

2010 செப்டம்பர் 3-ல் மத்தியச் செயலகம் - குதுப்மினார் இடையே மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியபோது, எய்ம்ஸ் வாசலிலேயே ஒரு நிலையம் கிடைத்தது. அடுத்த மாதம் நடைபெறவிருந்த காமன்வெல்த் போட்டிகளுக்காக அந்தப் பணி முடுக்கிவிடப்பட்டது. பலன் நோயாளிகளுக்கும் கிட்டியது. புது தில்லி ரயில் நிலையத்தில் ஏறினால் எட்டாவது நிலையம் எய்ம்ஸ். பிகார் ரயில்கள் பல வந்து சேரும் ஆனந்த் விஹாரிலிருந்தும், 2021 ஆகஸ்டில் இளஞ்சிவப்புத் தடத்தின் விடுபட்ட பகுதி இணைக்கப்பட்ட பிறகு, ஐ.என்.ஏ. வரை மாறாமல் வந்து அங்கிருந்து ஒரே நிலையம் செல்ல முடிகிறது.

ஆனால் மெட்ரோவின் நேரம் வேறு, நோயாளியின் நேரம் வேறு. நள்ளிரவில் வந்து சேரும் ரயிலிலிருந்து இறங்குபவருக்கு மெட்ரோ இல்லை. விடியுமுன் வரிசையில் நிற்க விரும்புபவருக்கும் இல்லை. ஆட்டோவுக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் முதல் நாள் மாலையே வந்து நடைபாதையிலும் சுரங்கப் பாதையிலும் படுத்துக் கிடக்கிறார். 2025 ஜனவரி 16-ம் தேதி இரவு எதிர்க்கட்சித் தலைவர் ராகுல் காந்தி அங்கு சென்று அவர்களைச் சந்தித்த பிறகு, கடுங்குளிரில் கிடக்கும் இந்த மக்களின் நிலை நாடெங்கும் பேசப்பட்டது. 2015-ல் தொடங்கப்பட்ட இணையவழி முன்பதிவும், 2018-ல் திறக்கப்பட்ட தங்கும் விடுதியும் சுமையை ஓரளவு குறைத்தன. பரிசோதனைக்கு ஒரு நாள், அறிக்கைக்கு மற்றொரு நாள் என அலைபவருக்கு அவை போதவில்லை.

மெட்ரோவிலிருந்து வெளியே வந்தாலும் பயணம் முடிவதில்லை. புதிய புறநோயாளிகள் பிரிவு பிரதான வளாகத்திலிருந்து தள்ளி மஸ்ஜித் மோட் பகுதியில் உள்ளது. நலமுள்ளவருக்கு அது சிறு நடை. கீமோ சிகிச்சை பெற்றவருக்கோ, ஊன்றுகோலில் நடப்பவருக்கோ அந்தத் தொலைவு பெரும் சோதனை.

கார் யாருக்கு?

மருத்துவமனைக்குச் செல்லும் வசதி என்றாலே வாகன நிறுத்துமிடம் என்று பொருள் கொள்ளும் வழக்கம் நிர்வாகங்களிடம் உள்ளது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் கார் வைத்திருந்த குடும்பங்கள் 4.7 சதவீதம் மட்டுமே. தலைநகரிலேயே ஐந்தில் ஒரு குடும்பத்திடம்தான் கார் இருந்தது. அதன் பிறகு எண்ணிக்கை உயர்ந்திருக்கும்; ஆனாலும், அரசு மருத்துவமனை நோயாளிகளில் பெரும்பாலோர் காரில் வருபவர்கள் அல்லர்.

அதே சமயம், டயாலிசிஸ் முடித்துத் திரும்புபவருக்கும் சக்கர நாற்காலியில் வருபவருக்கும் கார் ஆடம்பரம் அன்று. எனவே நிறுத்துமிடத்தை முதலில் வந்தவருக்கு முதலில் என்று பங்கிடாமல், நடக்க இயலாதவருக்கு முதலில் என்று பங்கிடுவதே நியாயம். நடைபாதையில் வாகனம் நிறுத்துவதை 2019-ல் வெளியான தில்லி வாகன நிறுத்துமிட விதிகள் தடை செய்கின்றன. அந்த ஒரு விதியை மருத்துவமனைகளைச் சுற்றியேனும் கண்டிப்புடன் செயல்படுத்தினால் ஆம்புலன்ஸுக்கும் பேருந்துக்கும் வழி பிறக்கும்.

வாகனங்களை அல்ல, மக்களை நகர்த்துவதே நோக்கம் என்று 2006-ம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை கூறியது. நடைமுறை வேறாக இருந்தது. எய்ம்ஸுக்குக் கிழக்கே, அம்பேத்கர் நகர் - மூல்சந்த் இடையே 5.8 கி.மீ. தொலைவுக்கு 2008-ல் பேருந்துகளுக்கெனத் தனித் தடம் அமைக்கப்பட்டது. கார் உரிமையாளர்களின் எதிர்ப்பு ஓயவில்லை. 2012-ல் உயர் நீதிமன்றம் தடத்தைக் காப்பாற்றியது. 2016-ல் அரசே அதை அகற்றியது.

பொறுப்பு யாருடையது?

எய்ம்ஸ் மத்திய சுகாதார அமைச்சகத்தின் பொறுப்பு. பேருந்து தில்லி அரசுடையது. மெட்ரோ நிறுவனத்தில் மத்திய அரசும் தில்லி அரசும் சம பங்குதாரர்கள். போக்குவரத்துக் காவல் மத்திய உள்துறையின் கீழ். சாலையும் நடைபாதையும் இடத்துக்கு இடம் வெவ்வேறு அமைப்புகளிடம். மருத்துவமனைக் கதவுக்கு உள்ளே ஒருவர் பொறுப்பு. வெளியே எல்லோரும் பொறுப்பு, ஆகவே ஒருவரும் இல்லை. மத்திய - மாநில மோதல்தான் காரணம் என்று நெடுநாள் சொல்லப்பட்டது. 2025 பிப்ரவரியில் தில்லியிலும் பாரதிய ஜனதா ஆட்சிக்கு வந்தது. அந்தச் சமாதானம் இனிச் செல்லாது.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 45-வது பிரிவு, மருத்துவமனைகள், ரயில் நிலையங்கள், பேருந்து நிறுத்தங்கள் ஆகியவற்றை ஒரே வரியில் சேர்த்து, அவற்றை எளிதில் அணுகத்தக்கதாக்கச் செயல்திட்டம் வகுக்கச் சொல்கிறது. மூன்றும் ஒரே பயணத்தின் பகுதிகள் என்பதைச் சட்டம் இயற்றியோர் உணர்ந்திருந்தனர். அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரைகளாக இருக்கக் கூடாது, கட்டாயமாக்கப்பட வேண்டும் என்று 2024 நவம்பர் 8-ல் உச்ச நீதிமன்றமும் கூறியது.

புதிய மருத்துவமனைகளுக்கும் இதில் பாடம் உண்டு. 2019 பிப்ரவரியில் பிரதமர் தொடங்கிவைத்த எய்ம்ஸின் தேசிய புற்றுநோய் நிறுவனம், தில்லி வளாகத்திலிருந்து சுமார் 50 கி.மீ. தொலைவில், ஹரியாணாவின் ஜஜ்ஜர் மாவட்டத்தில் உள்ளது. மெட்ரோ அங்கு செல்வதில்லை. பரந்த நிலம் தேடி நகரங்களுக்கு வெளியே அமையும் எய்ம்ஸ்கள், மதுரை தோப்பூர் உள்பட, அனைத்துக்கும் இதே கேள்வி காத்திருக்கிறது.

தீர்வுகள் பெரும் செலவு பிடிப்பவை அல்ல. ரயில் நிலையங்களையும் மருத்துவமனைகளையும் இணைத்து இரவு முழுவதும் ஓடும் தாழ்தளப் பேருந்து, மெட்ரோ வாயிலில் சக்கர நாற்காலி, வெளியூர் நோயாளிக்கு ரயில் நேரத்தை அறிந்து ஒதுக்கப்படும் முன்பதிவு நேரம், இவை அனைத்துக்கும் பதில் சொல்ல ஓர் அதிகாரி. கட்டடம் எழுப்பும்போதே பேருந்துத் தடத்தையும் வரையறுக்காவிட்டால், ஆயிரம் கிலோமீட்டரைக் கடந்து வந்த நோயாளி கடைசி ஒரு கிலோமீட்டரில் தோற்றுக்கொண்டேயிருப்பார்.