உங்களுக்குத் தெரியுமா? கணினிக்குள் ஒரு கணினி

லினக்ஸில் கேவிஎம் என்ற வசதி மூலம் ஒரு மெய்நிகர் கணினியைத் தொடங்கிவிட்டு, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியலைப் பாருங்கள். உள்ளே முழு விண்டோஸே ஓடினாலும், லினக்ஸின் கணக்கில் அது பிரவுசரைப் போல இன்னொரு புரோகிராம், அவ்வளவுதான். அதன் ஒவ்வொரு மெய்நிகர் சிபியுவும் அந்தப் புரோகிராமின் ஒரு திரெட். ‘கில்’ கட்டளை கொடுத்தால் பிளக்கைப் பிடுங்கியதுபோல் மொத்தமும் அணைந்துவிடும். (சேமிக்காத கோப்புகள்? போனது போனதுதான்.)

கேவிஎம்மை எழுதத் தொடங்கியவர், இஸ்ரேலின் கும்ரானெட் நிறுவனத்தில் இருந்த அவி கிவிட்டி. 2007 பிப்ரவரியில் வந்த லினக்ஸ் 2.6.20 கெர்னலிலேயே அது இடம்பிடித்துவிட்டது. சிபியு நேரத்தைப் பங்கிடுவது, நினைவகத்தை நிர்வகிப்பது எல்லாம் லினக்ஸுக்கு ஏற்கெனவே அத்துப்படி. அவற்றை மறுபடி எழுதாமல் அப்படியே பயன்படுத்திக்கொண்டதில்தான் கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. டிஸ்க், நெட்வொர்க் கார்டு போன்றவை இருப்பதாகப் பாவனை காட்டும் வேலை கியூஎமு என்ற புரோகிராமுடையது. அதை உருவாக்கியவர் பிரெஞ்சுக்காரரான ஃபப்ரீஸ் பெல்லார். வீடியோக்காரர்கள் பயன்படுத்தும் எஃப்எஃப்எம்பெக் மென்பொருளைத் தொடங்கியவரும் இவரேதான்!

லினக்ஸைப் போன்ற இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியில் கேவிஎம்மின் வேலைக்கு ‘பீஹைவ்’ இருக்கிறது. 2014இல் வந்த 10.0 பதிப்பிலிருந்து கூடவே வருகிறது.

கேவிஎம் இயங்கத் தேவையான மெய்நிகராக்க வசதி இன்டெல், ஏஎம்டி சிப்புகளில் 2005, 2006 முதலே உண்டு. ஆனால் பல கணினிகளின் பயாஸ் அமைப்பில் அது அணைக்கப்பட்டே இருக்கும். கியூஎமு அப்போதும் ஓடும், ஆமை வேகத்தில். குறை சொல்லும் முன் பயாஸை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள்.