டிரெய்லர் ஆடுகிறதா? கம்பியை இறுக்கும் முன் எடையைப் பாருங்கள்

"இந்த ட்ரக் 9,000 பவுண்டு இழுக்கும். நீங்கள் பார்க்கிற டிரெய்லர் 6,500தான். கவலையே வேண்டாம்." அமெரிக்காவில் டிராவல் டிரெய்லர் வாங்கப் போகிறவர்கள் ஏதாவதொரு வடிவில் கேட்கும் பேச்சு இது. பொய் என்று தள்ளிவிட முடியாது. ஆனால் இழுக்கும் திறன் ஒரு கணக்கு, சுமக்கும் திறன் வேறு கணக்கு. விற்பவர் முதலாவதைத்தான் சொல்வார். நெடுஞ்சாலையில் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும்போதுதான் பலருக்கு இரண்டாவது தெரியவருகிறது.

ட்ரக்கில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் டயர் விவரம் அடங்கிய ஒரு ஸ்டிக்கர் இருக்கும். ஆட்கள், சாமான்கள் எல்லாம் சேர்த்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். அதுதான் பேலோட். சட்டப்படி ஒட்டப்படுவது, விளம்பரத் தாளில் உள்ள எண்ணைவிட இதையே நம்பலாம். அந்த எண் 1,400 என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லரின் முன்முனை ட்ரக்கின் கொக்கியை அழுத்தும் எடைக்கு டங் வெயிட் என்று பெயர். சாமான் ஏற்றிய டிரெய்லரின் எடையில் அது 10 முதல் 15 சதவீதம் வரை இருக்க வேண்டும். 6,500 பவுண்டுக்கு 13 சதவீதம் போட்டால் 845. இரண்டு வண்டிகளையும் இணைக்கும் ஹிட்சின் எடை நூறுக்குப் பக்கம். மிச்சம் சுமார் 450 பவுண்டு. அதில் அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் ஏறி உட்கார்ந்தாலே தீர்ந்துவிடும். ஐஸ் பெட்டிக்கும் அரிசி மூட்டைக்கும் இடமில்லை!

இந்த 845 பவுண்டு ட்ரக்கின் பின்அச்சுக்கும் பின்னால் தொங்குகிறது. பின்பக்கம் தாழ, முன்பக்கம் தூக்கும். முன்சக்கரங்களில் எடை குறைந்தால் ஸ்டீயரிங் லேசாகிவிடும், பிரேக்கின் பிடி தளரும், ஹெட்லைட் எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். இதைச் சரிசெய்யத்தான் எடைப் பகிர்வு ஹிட்ச். அதிலுள்ள இரண்டு ஸ்பிரிங் பார்கள் நெம்புகோல்போல் வேலை செய்து, பின்அச்சில் குவிந்த பாரத்தில் ஒரு பங்கை ட்ரக்கின் முன்அச்சுக்கும் இன்னொரு பங்கை டிரெய்லரின் அச்சுகளுக்கும் தள்ளுகின்றன. எடை குறைவதில்லை, இடம் மாறுகிறது.

ஆட்டம் வேறு விஷயம். இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் ஆபத்து இருக்கிறது. மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு முன்பாரம், பின்பாரம் தெரியும். பின்பாரம் ஏறினால் நுகத்தடியே மேலே தூக்கும். டிரெய்லரிலும் பின்பாரம்தான் முதல் எதிரி. பின்பம்பரில் நான்கு சைக்கிள்களை மாட்டி, அச்சுக்குப் பின்னாலுள்ள தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் டங் வெயிட் 10 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். அப்போது ஒரு பெரிய லாரி கடந்து போகும் காற்றே போதும். ஒரு குறிப்பிட்ட வேகத்துக்குக் கீழே ஆட்டம் தானாக அடங்கும். அதைத் தாண்டினால் ஒவ்வொரு வீச்சும் முந்தியதைவிடப் பெரிதாகும். ஸ்பிரிங் பாரை இன்னும் இறுக்கினால் இது தீராது. அளவுக்கு மீறி இறுக்கினால் ட்ரக்கின் பின்சக்கரங்களிலிருந்து பிடிமானம்தான் போகும். உராய்வால் ஆட்டத்தைத் தடுக்கும் அமைப்பு பல ஹிட்சுகளில் சேர்ந்தே வருகிறது, சிலவற்றில் தனியாக வாங்க வேண்டும். எதுவானாலும் ஒழுங்காக ஏற்றிய பாரத்துக்கு அது துணை. தவறாக ஏற்றியதற்கு மருந்து அல்ல.

பொருத்துவதற்கு முன் ட்ரக்கின் கையேட்டைப் படியுங்கள். சில வண்டிகளுக்கு இந்த வகை ஹிட்சே கூடாது என்று தயாரிப்பாளர் தடை போட்டிருப்பார். ஹிட்சைச் செருகும் ரிசீவரில் ஒட்டியுள்ள ஸ்டிக்கரில் எடைப் பகிர்வு ஹிட்சோடு எவ்வளவு, அது இல்லாமல் எவ்வளவு என்று இரண்டு வரம்புகள் இருக்கும், இரண்டையும் பாருங்கள். பிறகு சமதளத்தில், பயணத்துக்கு ஏற்றும் சாமான்களோடு, ஒரு அளவு நாடாவை எடுங்கள். டிரெய்லரை மாட்டாதபோது முன்சக்கர வளைவு தரையிலிருந்து 36 அங்குலம் என்று கொள்வோம். பார்களைப் போடாமல் டிரெய்லரை மாட்டியதும் அது 37½ ஆகிறது. பார்களைப் போட்டபின் எவ்வளவு இறங்க வேண்டும்? பழைய ஆலோசனை 36க்கே கொண்டுவரச் சொன்னது. இன்று பல தயாரிப்பாளர்கள் ஏறியதில் பாதியை மீட்டால் போதும் என்கிறார்கள், அதாவது 36¾. உங்கள் கையேடு சொல்வதே முடிவு. அளவு வரவில்லையென்றால் ஹிட்ச் தலையின் சாய்வையோ பார்களைத் தாங்கும் சங்கிலியின் கண்ணிகளின் எண்ணிக்கையையோ மாற்ற வேண்டும். டிரெய்லர் மட்டமாக, அல்லது முன்பக்கம் சற்றே தாழ்ந்து நிற்க வேண்டும். மூக்கைத் தூக்கி நிற்கக் கூடாது.

பார்களைக் கொளுவும்போதும் கழற்றும்போதும் டிரெய்லரின் முன் ஜாக்கால் ட்ரக்கின் பின்பக்கத்தோடு சேர்த்து உயர்த்தி, பாரத்தைத் தளர்த்திக்கொள்ளுங்கள். அந்தக் கம்பி திமிறினால் கை எலும்பை முறித்துவிடும்.

லாரிகள் நிற்கும் ட்ரக் ஸ்டாப்புகளில் எடைமேடை இருக்கும். மூன்று முறை எடை போடுங்கள்: பார்கள் போட்டு ஒன்று, போடாமல் ஒன்று, ட்ரக் மட்டும் ஒன்று. பார்கள் இல்லாதபோது ட்ரக்கின் இரு அச்சுகளிலும் உள்ள எடையிலிருந்து தனி ட்ரக்கின் எடையைக் கழித்தால் உங்கள் உண்மையான டங் வெயிட் வந்துவிடும். எடைச் சீட்டுகளை எறிந்துவிடாதீர்கள். பின்னால் தகராறு வந்தால் இவைதான் பேசும்.

மீறி ஆட்டம் வந்தால் ட்ரக்கின் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை எதிர்ப்பக்கம் ஒடித்துத் துரத்தவும் வேண்டாம், நேராகப் பிடியுங்கள். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, டிரெய்லர் பிரேக்கை மட்டும் ட்ரக்கிலுள்ள பிரேக் கன்ட்ரோலரின் கைப்பிடியால் அழுத்துங்கள். அடுத்த பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி, சாமான்களை இடம் மாற்றி ஏற்றாமல் கிளம்ப வேண்டாம். கலிபோர்னியாவில் டிரெய்லர் இழுக்கும் வண்டிக்கு உச்ச வேகம் மணிக்கு 55 மைல். வேறு மாநிலங்களில் அதற்கு மேல் அனுமதி இருக்கலாம். ஆனால் டிரெய்லர் டயர்களில் பல 65 மைலுக்கே தகுதி பெற்றவை.

டீலரே ஹிட்சை மாட்டித் தந்தால், காலி டிரெய்லரை வைத்து அவசரமாகப் பொருத்திக் கையில் சாவி கொடுப்பது நடக்கிறது. அந்த அமைப்பு உங்கள் சாமானோடு பொருந்தாது. கூலி கொடுக்கிறீர்கள், முன்சக்கர வளைவின் மூன்று அளவுகளையும் ஹிட்ச் பந்தின் உயரத்தையும் வேலைச் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். "உங்கள் ட்ரக்குக்கு இது சரி" என்ற வாக்குறுதியையும் எழுத்தில் கேளுங்கள். எழுதத் தயங்குகிறவரிடம் கையெழுத்துப் போட நாமும் தயங்கலாம்.

ஹிட்ச், டயர், பிரேக், டிரெய்லர் எதிலாவது பாதுகாப்புக் குறை இருக்கிறது என்று சந்தேகித்தால் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகத்தில் புகார் தரலாம், தொலைபேசி 888-327-4236. டிரெய்லருக்குத் திரும்பப் பெறும் அறிவிப்பு ஏதும் உள்ளதா என்றும் அவர்கள் இணையதளத்தில் பார்க்கலாம். முதல் விற்பனையிலிருந்து 15 ஆண்டுக்குட்பட்ட வண்டியானால் அந்தப் பழுதைத் தயாரிப்பாளர் இலவசமாகச் சரிசெய்தாக வேண்டும். "வேறு கம்பெனி ஹிட்ச் மாட்டியதால் வாரண்டி போச்சு" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வதை 1975ஆம் ஆண்டின் கூட்டாட்சி வாரண்டிச் சட்டம் ஏற்பதில்லை; அந்தப் பாகத்தால்தான் பழுது வந்தது என்று அவர்கள் காட்ட வேண்டும். திரும்பத் திரும்பப் பழுதாகும் புது வண்டிக்கான "லெமன்" சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் இழுத்துச் செல்லும் டிரெய்லரும் அதற்குள் வரும். பல மாநிலங்களில் எஞ்சின் உள்ள வண்டிக்கு மட்டுமே.

இன்சூரன்ஸையும் ஒருமுறை பிரித்துப் படியுங்கள். ட்ரக்கின் பாலிசி பெரும்பாலும் டிரெய்லர் மற்றவருக்கு விளைவிக்கும் சேதத்தை ஏற்கும். டிரெய்லருக்கே நேரும் சேதத்துக்குத் தனிப் பாலிசி தேவைப்படும். வாடகை டிரெய்லரானால், வண்டியை வெளியே எடுக்கும் முன்பே சேதச் செலவுக்கு யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் தேடிப் பார்த்துவிடுங்கள்.