மணவாளக்குறிச்சி மணலும் ஈயத்தின் எடையும்

வேதியியல் அட்டவணையில் ஈயத்தின் அணு எடை 207.2 என்று அச்சிடப்பட்டிருப்பதை நாம் அறிவோம். ஆனால் திருவனந்தபுரத்திற்குத் தெற்கே மணவாளக்குறிச்சியிலும், வடக்கே கொல்லத்தை அடுத்த சவராவிலும் கடல் ஒதுக்கும் மோனசைட் மணலில் மிகச் சிறிய அளவில் கலந்துள்ள ஈயத்தைப் பிரித்தெடுத்து அளந்தால், அதன் அணு எடை இதனினும் மிகுந்திருக்கும். அட்டவணையும் பிழையன்று, அளவையும் பிழையன்று. இது எங்ஙனம் பொருந்தும் என்பதை விளங்கிக்கொண்டால், நிறை எண்ணுக்கும் அணு எடைக்கும் உள்ள வேறுபாடு தானே விளங்கிவிடும்.

இவ்விரு கரைகளும் 1949ஆம் ஆண்டு வரை திருவிதாங்கூர் நிலப்பகுதியைச் சேர்ந்தவை. இங்கிருந்து ஜெர்மனிக்குச் சென்ற கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909ஆம் ஆண்டில் ஷோம்பர்க் என்னும் ஜெர்மானியர் கண்டறிந்தார். அந்நாளில் மோனசைட்டுக்கு மதிப்பு ஏற்பட்டது அதிலுள்ள தோரியத்தால். மாண்டில் விளக்குகளின் வெண்ணொளிக்குத் தோரியம் ஆக்சைடு தேவைப்பட்டது. அந்தத் தோரியமே மணலில் ஈயம் தோன்றவும் காரணமாகும்.

ஒரு மூலகம் இன்னது என்பதைத் தீர்மானிப்பது அதன் அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கை ஒன்றே. இதுவே அணு எண். 82 புரோட்டான்கள் இருப்பின் அது ஈயம். 90 இருப்பின் தோரியம். புரோட்டான்களுடன் நியூட்ரான்களையும் சேர்த்து எண்ணிக் கிடைப்பது நிறை எண். புரோட்டான் எண்ணிக்கை மாறாமல் நியூட்ரான் எண்ணிக்கை மட்டும் மாறிய அணுக்கள் ஐசோடோப்புகள் எனப்படும். 1913ஆம் ஆண்டில் பிரடெரிக் சாடி என்னும் ஆங்கில விஞ்ஞானி ஆண்ட இச்சொல்லை அவருக்கு எடுத்துத் தந்தவர் மார்கரெட் டாட் என்னும் பெண் மருத்துவர். மூல மொழியாகிய கிரேக்கத்தில் இதன் பொருள் ‘ஒரே இடம்’. அட்டவணையில் ஒரே கட்டத்தில் அமர்பவை என்பது கருத்து. நம் பாடநூல்கள் வழங்கும் ‘ஓரிடத்தனிமம்’ என்னும் சொல் இதனைப் பழுதறத் தருகிறது. ‘நிறை எண்’ என்பதில்தான் சிறிது தொல்லையுண்டு. தமிழில் நிறை என்றாலும் எடை என்றாலும் வழக்கில் ஒன்றே. ஆகவே மாணாக்கர் நிறை எண்ணைத் தராசில் நிறுத்து அறிவதாக மயங்குகின்றனர். அது எண்ணி அறிவது. எண்ணிப் பெறுவதில் பின்னம் வாராது.

குளோரினின் நிறை எண் 35.5 என்று விடைத்தாள்களில் எழுதக் காண்கிறோம். அத்தகைய குளோரின் அணு ஒன்றேனும் உலகில் இல்லை. நூறு அணுக்களில் ஏறத்தாழ 76 அணுக்களின் நிறை எண் 35. எஞ்சிய 24 அணுக்களின் நிறை எண் 37. இக்கலவையின் சராசரியே 35.5 என்னும் அணு எடை. கலவை மாறினால் சராசரியும் மாற வேண்டும் அன்றோ? குளோரினில் இக்கலவை எங்கும் பெரும்பாலும் ஒரே விகிதத்தில் இருப்பதால் மாற்றம் நமக்குப் புலப்படுவதில்லை. ஈயத்தில் புலப்படுகிறது.

தோரியம் 232 சிதையும்போது ஆறு ஆல்பா துகள்களையும் நான்கு பீட்டா துகள்களையும் வெளியிடுகிறது. ஓர் ஆல்பா துகள் நீங்கினால் நிறை எண்ணில் 4ம் அணு எண்ணில் 2ம் குறையும். ஒரு பீட்டா துகள் நீங்கினால் நிறை எண் மாறாமல் அணு எண்ணில் 1 கூடும். கரும்பலகையில் கணக்கிட்டுப் பாருங்கள்: 232இலிருந்து 24 போக 208, 90இலிருந்து 12 போய், 4 கூட, 82. ஆகவே விளைவது ஈயம் 208. யுரேனியம் 238 எட்டு ஆல்பா, ஆறு பீட்டா துகள்களை இழந்து ஈயம் 206 ஆகிறது. யுரேனியம் 235இன் முடிவு ஈயம் 207. இம்மூன்றும், சிதைவினால் தோன்றாத ஈயம் 204 சிறிதளவும் கலந்ததே சாதாரண ஈயம். மோனசைட்டில் தோரியம் மிகுதி, யுரேனியம் சொற்பம். எனவே அங்கு 208 மேலோங்கி நிற்கிறது.

இதனை முதலில் மெய்ப்பித்தது நம் அண்டை நாட்டுக் கனிமமே. இலங்கையில் கிடைத்த தோரைட்டிலிருந்து சாடி ஈயத்தைப் பிரித்தெடுத்து, அது சாதாரண ஈயத்தைவிட நூற்றுக்கு 0.26 பங்கு அடர்த்தி மிக்கது எனக் காட்டினார். அதே ஈயத்தின் அணு எடையை ஹோனிக்ஷ்மிட் 207.77 என அளந்தார். யுரேனியக் கனிமம் ஒன்றின் ஈயமோ சுமார் 206.05 மட்டுமே. வேதியியல் வினைகளில் இவற்றுள் ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்தறிய இயலாது. சாடிக்கு 1921ஆம் ஆண்டின் நோபல் பரிசு கிட்டியது. ஒரு நூற்றாண்டு கழித்து, 2021இல், சர்வதேச வேதியியல் சங்கம் ஈயத்தின் அணு எடையை ஒரே எண்ணாகக் கூறுவதை விடுத்து, 206.14 முதல் 207.94 வரை என்னும் எல்லையாகவே அறிவித்தது. பள்ளிக் கணக்குகளுக்கு 207.2 போதுமானது, தாதுவின் வயதைக் கணிக்க முயல்பவருக்குப் போதாது.

களப்பணியாளர் மூலகத்தின் பெயரோடு நிறை எண்ணையும் குறிக்க வேண்டிய இடங்கள் உண்டு. இயற்கை யுரேனியத்தில் நூற்றுக்கு 0.72 பங்கு மட்டுமே 235. மெதுவாகச் செல்லும் நியூட்ரான் பட்டுப் பிளவுறுவது அதுவே, 238 அன்று. கடற்கரைத் தோரியமும் நேராக எரிபொருளாகாது. தோரியம் 232 ஒரு நியூட்ரானை ஏற்று 233 ஆகிறது. அது அரை மணி நேரத்திற்கும் குறைவான அரை ஆயுளுடன் புரோட்டாக்டினியம் 233 ஆகவும், பின்னது சுமார் 27 நாள் அரை ஆயுளுடன் யுரேனியம் 233 ஆகவும் மாறுகின்றன. இம்மூன்றிலும் நிறை எண் 233. மூலகமோ மூன்றும் வேறு. இந்த யுரேனியம் 233ஐ எரிபொருளாகக் கொண்டு, 1996ஆம் ஆண்டில் கல்பாக்கத்தில் 30 கிலோவாட் ஆற்றலுள்ள ‘காமினி’ என்னும் சிறிய அணு உலை இயங்கத் தொடங்கியது.