ஹிட்ச்காக் சொல்லாமல் விட்ட காரணம்

பள்ளிக்கூட வாசலில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து மெலனி சிகரெட் பற்றவைக்கிறாள். உள்ளே பிள்ளைகள் ஒரே பாட்டை இழுத்து இழுத்துப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். அவள் முதுகுக்குப் பின்னால், சிறுவர்கள் ஏறி விளையாடும் கம்பிச் சட்டத்தில் ஒரு காகம் வந்து உட்காருகிறது. கொஞ்ச நேரத்தில் இன்னும் சில. பிறகு கேமரா அவள் முகத்திலேயே நின்றுவிடுகிறது. பின்னால் என்ன நடக்கிறது என்று நமக்குக் காட்டுவதில்லை. வானத்தில் போகும் ஒற்றைக் காகத்தை அவள் கண் தொடர்கிறது. அது இறங்கும் இடத்தைப் பார்த்தால், கம்பியே தெரியாத அளவுக்குக் காகங்கள்.

1963-ல் வந்த ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் 'தி பேர்ட்ஸ்' படத்தில் இன்றைக்கும் வயிற்றைக் கலக்குவது இந்தக் காட்சிதான். அந்தக் காகங்களில் பல வெறும் பொம்மைகள். நடுநடுவே உட்கார்ந்திருந்த உயிருள்ள காகங்கள் தலையைத் திருப்பின, இறக்கையை உதறின. மற்றதையெல்லாம் நம் கண்ணே நம்பிக்கொண்டது.

கம்ப்யூட்டர் இல்லாத காலம். படபடக்கும் இறக்கையை ஒரு படச்சுருளிலிருந்து வெட்டி இன்னொன்றில் ஒட்டினால் விளிம்பில் நீலக்கோடு தெரியும். டிஸ்னி ஸ்டுடியோவின் அப் ஐவர்க்ஸ் வேறு வழி வைத்திருந்தார். திரையைச் சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியில் நனைத்து, கேமராவுக்குள் ஒரு பட்டகத்தை வைத்து, அந்த மஞ்சளை மட்டும் தனிச் சுருளில் பிரித்தெடுத்தார். கடைசி ஷாட் மட்டும் முப்பதுக்கும் மேற்பட்ட துண்டுகளை ஒட்டிச் செய்தது. பின்னணி இசை கிடையாது. ஓஸ்கர் சாலாவின் டிராட்டோனியம் என்ற மின்னணுக் கருவியில் செய்த கிறீச்சொலியும் இறக்கைச் சத்தமும்தான். இன்றைக்கு ஒரு லட்சம் காகம் வேண்டுமென்றாலும் மென்பொருளில் வந்துவிடும். ஆனால் எண்ணிக்கை கூடக்கூட பயம் குறைகிறது என்பது என் எண்ணம். 2018-ல் ஷங்கர் '2.0' படத்தில் செல்போன்களாலேயே ஒரு ராட்சதப் பறவையைப் பறக்கவிட்டார். வாய் பிளந்து பார்த்தோம், பயந்தோமா?

பொம்மை போதாது என்று ஹிட்ச்காக் நினைத்த இடமும் உண்டு. மாடி அறையில் பறவைகள் மெலனியைக் குதறும் காட்சி. இயந்திரப் பறவைகள்தான் என்று மெலனியாக நடித்த டிப்பி ஹெட்ரனிடம் சொல்லியிருந்தார்கள். படப்பிடிப்பன்று, அவை வேலை செய்யவில்லை என்றார்கள். முழங்கை வரை தோலுறை மாட்டிய ஆட்கள் ஐந்து நாட்கள் உயிருள்ள பறவைகளை அவர்மேல் எறிந்தார்கள். கடைசியில் சில பறவைகளை அவர் உடையிலேயே கட்டிவிட்டார்கள். ஒன்று கண்ணுக்குப் பக்கத்தில் கீறிய பிறகுதான் நின்றது. ஒரு வாரம் ஓய்வு வேண்டும் என்றார் மருத்துவர். திரையில் அது ஓரிரு நிமிடம். அன்றைக்கு இது இயக்குநரின் விடாப்பிடிக்குச் சான்றாகப் பேசப்பட்டது. 2016-ல் ஹெட்ரன் எழுதிய தன்வரலாற்றில், ஹிட்ச்காக் தன்னிடம் பாலியல் அத்துமீறல் செய்ததையும் எழுதினார். அதற்குப் பிறகு அந்த மாடி அறைக் காட்சியைப் பழைய மாதிரி பார்க்க முடியவில்லை.

பறவைகள் ஏன் மனிதர்களைத் தாக்குகின்றன என்று காரணம் சொல்லாமலே படம் முடிகிறது. 'முற்றும்' என்றுகூடப் போடவில்லை. டைட்ஸ் உணவகத்தில் ஊர்க்காரர்கள் கூடி ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். குடிகாரர் ஒருவர் உலக முடிவு என்கிறார். ஒரு தாய் மெலனியையே பழிக்கிறாள். பறவைகளை நன்கு அறிந்த பண்டி அம்மாள், வெவ்வேறு இனங்கள் ஒருநாளும் கூட்டுச் சேராது, இந்தப் பூமியில் வாழ்வதைக் கடினமாக்குகிறவர்கள் மனிதர்கள்தான் என்று வாதாடுகிறார். பின்னால் பரிசாரகி மூன்று தட்டு வறுத்த கோழிக்கு ஆர்டர் கூவுகிறாள். ஹிட்ச்காக்கின் குசும்பு.

நிஜத்திலும் பறவைகள் இப்படி நடந்துகொண்டதுண்டு, அதற்கு ஒரு காரணம் இருந்தது. 1961 ஆகஸ்ட் 18 விடியற்காலையில் கலிஃபோர்னியாவின் சாண்டா குரூஸ் பக்கம், காப்பிடோலா ஊரில், ஷியர்வாட்டர் என்னும் கடற்பறவைகள் கூட்டம் கூட்டமாக வீடுகளில் மோதி விழுந்தன. தெருவெல்லாம் கக்கிய மீன் துண்டுகள். டார்ச் எடுத்து வெளியே வந்தவர்களின் வெளிச்சத்தை நோக்கிப் பாய்ந்தன. அந்தப் பக்கமே வீடு வைத்திருந்த ஹிட்ச்காக், உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த செய்தியைக் கேட்டு வாங்கினார். மூடுபனியில் வழி தவறியிருக்கும் என்று அன்றைக்கு முடித்துவிட்டார்கள்.

முப்பது வருடம் கழித்து, 1991-ல், அதே கடற்கரையில் பழுப்புக் கூழைக்கடாக்கள் தள்ளாடி விழுந்து செத்தன. இந்த முறை சோதித்துப் பார்த்தார்கள். சூடோ-நிட்ஷியா என்ற நுண்பாசி டோமோயிக் அமிலம் என்னும் நரம்பு விஷத்தை உண்டாக்குகிறது. பாசியை நெத்திலி தின்கிறது, நெத்திலியைப் பறவை தின்கிறது. 1961-ல் எடுத்துப் பத்திரப்படுத்தியிருந்த கடல் மாதிரிகளை ஆய்வாளர்கள் பிறகு பிரித்துப் பார்த்தபோது, மிதவை உயிரிகளின் குடலில் அதே விஷப் பாசி இருந்தது. காப்பிடோலாவில் பறவைகள் யாரையும் குறிவைத்துத் தாக்கவில்லை. மூளை கலங்கிச் செத்துக்கொண்டிருந்தன.

படம் எடுத்த போடேகா பே ஊரும் அப்போது வேறு ஒரு பயத்தில் இருந்தது. விரிகுடாவின் முனையில் பசிபிக் கேஸ் அண்ட் எலக்ட்ரிக் நிறுவனம் அணுமின் நிலையம் கட்டப் பெரிய குழி தோண்டியது. பக்கத்திலேயே சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு. ரோஸ் காஃப்னி என்ற பண்ணைக்காரப் பெண்மணியும் ஊராரும் விடாமல் எதிர்த்ததில் 1964-ல் திட்டம் கைவிடப்பட்டது. இன்று அந்தக் குழி நிறைய நல்ல தண்ணீர். வழிதப்பி வரும் வலசைப் பறவைகளைப் பார்க்கத் தொலைநோக்கியோடு ஆட்கள் வருகிறார்கள். படத்தின் பள்ளிக்கூடம் சில மைல் உள்ளே போடேகா கிராமத்தில் இருக்கிறது, தனியார் வீடாக. டைட்ஸ் உணவகத்தைப் பெரிதாக மாற்றிக் கட்டிவிட்டார்கள்.

படம் வருவதற்கு ஆறு மாதம் முன்பு, 1962 செப்டம்பரில், ரேச்சல் கார்சனின் 'மௌன வசந்தம்' வெளியானது. டிடிடி பறவைகளை எப்படிக் கொல்கிறது என்று சொன்ன புத்தகம். பறவை நம்மைக் கொல்லும் கதையும் நாம் பறவையைக் கொல்லும் கணக்கும் ஒரே பருவத்தில் வந்தன. டிக்கெட் வாங்கிப் பார்த்தது முதலாவதை. அமெரிக்கா டிடிடியைத் தடை செய்தது 1972-ல். கழுகுகளும் கூழைக்கடாக்களும் மீண்டு வந்தன. மற்ற பல இனங்கள் அப்படி இல்லை. 2019-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஆய்வின்படி, 1970-லிருந்து அமெரிக்காவிலும் கனடாவிலும் ஏறக்குறைய 290 கோடி பறவைகள் குறைந்துவிட்டன. பத்துக்கு மூன்று போச்சு. அதிகம் இழந்தவற்றில் குருவி வகைகள் முன்வரிசையில் நிற்கின்றன. படத்தில் புகைக்கூண்டு வழியாகக் கொட்டி வீட்டை நிறைப்பது குருவிகள்தான்.

படத்தை மறுபடி பார்ப்பவர்கள் மாடி அறைக் காட்சியை ஓட்டிவிட்டாலும் குறைவில்லை. உணவகக் காட்சியைத் தாண்டாதீர்கள். பறவைகள் கூட்டுச் சேராது என்றதில் பண்டி அம்மாளின் கணக்கு அந்தப் படத்துக்குள் தப்பாகிவிட்டது. மனிதர்களைப் பற்றிச் சொன்னதில் அவர் சொன்னதே சரி.