கூட்டம் சேரக் காத்திருக்கும் கிருமி

நோயாளியின் சளியைத் தடவி ஓர் இரவு முழுதும் இளஞ்சூட்டில் வைத்திருந்த தட்டைக் காலையில் திறக்கையில், பச்சை நிறம் படர்ந்து திராட்சைப் பழத்தின் வாசனையும் வீசுமானால், வளர்ந்திருப்பது சூடோமோனாஸ் ஏருஜினோசா என்று பரிசோதனைச் சாலையில் பழகியவர்கள் உடனே ஊகித்துவிடுவார்கள். வென்டிலேட்டரில் வைக்கப்பட்டவர்கள், சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்னும் பிறவி வியாதியுள்ள குழந்தைகள் முதலானோரின் சுவாசகோசங்களில் குடிபுகுந்து பெருந்துன்பம் விளைவிப்பது இக்கிருமியே.

இதன் கொடுமைக்குக் காரணம் இது பேசும் இரசாயன பாஷை. ஒவ்வொரு கிருமியும் சில சூக்ஷ்மமான பொருள்களை ஓயாமல் கசியவிட்டுக்கொண்டிருக்க, கூட்டம் சிறியதாக உள்ளவரை அவை கரைந்து மறைய, கூட்டம் பெருகி அவற்றின் செறிவு ஒரு வரம்பைக் கடந்ததும் அதுவே சமிக்ஞையாகி, திசுக்களை அரிக்கும் என்ஸைம்களையும் பயோசயனின் என்னும் நீலப்பச்சை விஷத்தையும் எல்லாக் கிருமிகளும் ஒருசேரச் சுரக்கத் தொடங்குகின்றன. மருந்து எளிதில் வெல்ல முடியாத பிசுபிசுத்த உறையைக் கட்டிக்கொள்ளவும் இப்பாஷை துணை நிற்கிறது. கடலில் ஒளிவீசும் கிருமிகளிடம் இவ்வழக்கத்தை 1970-ல் நீல்சன், பிளாட், ஹேஸ்டிங்ஸ் என்னும் மூவர் எடுத்துக்காட்டினர். சமிக்ஞை ஜீன்களை இழந்த சூடோமோனாஸை எலிகளுக்குச் செலுத்தியபோது நிமோனியாவின் உக்கிரம் தணிந்தது என்பதும் நிரூபணமான விஷயம்.

இப்பேச்சைத் தடுப்பதற்கென்றே ஆராயப்படும் ஔஷதங்கள் வழக்கமான வைத்தியத்துக்கு இன்னும் வந்து சேரவில்லையாதலால், கூட்டம் பெருகுமுன் கிருமியை இன்னதென்று அறிந்து தக்க மருந்தைக் கொடுப்பதே இன்றைக்கு நம் கையிலுள்ள உபாயம். எனவே, முதல் ஆன்டிபயாடிக்குக்கு முன் சளியைக் கல்ச்சர் பரிசோதனைக்கு எடுத்தார்களா என்று நோயாளியின் உறவினர் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் அல்ல, நியாயமான கேள்வி. நிலைமை மோசமாயிருந்தால், சளியை எடுத்தபின் முடிவுக்குக் காத்திராமல் மருந்தைத் தொடங்கிவிடவேண்டும். எப்போது என்ன செய்யப்பட்டது என்று அறிய, சிகிச்சை ஆவணங்களின் பிரதியைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பது 2002-ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குமுறை. இக்கிருமிக்குக் கொடுக்கப்படும் மெரோபெனம் போன்ற வலிய மருந்துகள் 2014 முதல் மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் உள்ளன. அவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்பதும், தனிப் பதிவேட்டில் எழுதாமல் விற்பதும் குற்றம். மருந்து ஆய்வாளரிடம் புகார் செய்யலாம். கட்டணம் பெற்றுச் செய்யும் வைத்தியத்தில் கவனக்குறைவு நேர்ந்தால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்பதற்கு 1995-ல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஆதாரம். எல்லோருக்கும் இலவசமாகவே சிகிச்சை தரும் ஆஸ்பத்திரிகள் இதில் அடங்கா.

கல்ச்சர் பரிசோதனைக்குச் சளி கொடுப்பதிலும் பலர் தவறுகிறார்கள். விடியற்காலையில் வெறும் தண்ணீரால் வாயைக் கொப்பளித்துவிட்டு, ஆழ மூச்சிழுத்து, மார்பின் அடியிலிருந்து இருமிக் கொணர்ந்த சளியை மூடியுள்ள சுத்தமான குப்பியில் பிடித்து, தாமதமின்றிச் சேர்ப்பிக்கவேண்டும். அவசரத்தில் எச்சிலைத் துப்பிக் கொடுத்தால் வாயிலுள்ள கிருமிகளே தட்டில் வளர்ந்துவிடும்.