டாப்புக்கும் சிலிப்புக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி!

ஆனைமலைக் காட்டில் நள்ளிரவு. மரத்தில் கட்டிய தானியங்கிக் கேமரா முன்னால் சிறுத்தை ஒன்று நடக்கிறது. கிளிக்! கொஞ்ச நாளில் அது கணினி அட்டவணையில் ஒரு வரியாக உட்கார்ந்திருக்கும்: இடம், விலங்கு, தேதி, நேரம். நடுவில் நடக்கிற கூத்தைப் பார்க்கலாம், வாங்க!

கூத்து எவ்வளவு பெரிசுன்னா, 2018-19 புலிக் கணக்கெடுப்பில் நாடு முழுக்க 26,838 இடங்களில் கேமரா வைத்தார்கள். விழுந்த படங்கள் சுமார் 3 கோடியே 48 லட்சம். புலி இருந்தவை 76,651 மட்டுமே!

இந்த மாதிரிப் படக் குவியலுக்கென்றே ‘ஆர்’ நிரல் மொழியில் ‘கேம்ட்ராப்ஆர்’ என்றொரு தொகுப்பு உண்டு. யூர்கன் நீட்பல்லாவும் கூட்டாளிகளும் அதைப் பற்றி 2016-ல் எழுதினார்கள். எந்த விலங்கு என்று ஆள் பார்த்து ஃபோல்டர் பிரித்துக் கொடுத்தால், மீதியை அது கவனித்துக்கொள்ளும்.

ஆனால் படத்துக்குள் பதிந்திருக்கும் நேரத்தை அது தானாகப் படிப்பதே இல்லை! பொள்ளாச்சித் தோப்புக்காரர் தானே தென்னையில் ஏறுவாரா என்ன? ஆளைக் கூப்பிடுவார். இங்கே வரும் ஆள், ஃபில் ஹார்வி 2003-ல் வெளியிட்ட ‘எக்ஸிஃப்டூல்’. அது தனி நிரல், பெர்ல் மொழியில் எழுதியது.

கூப்பிடும் விதம்தான் அமர்க்களம். லினக்ஸில் ஓடும் நிரல் முதலில் தன்னையே நகலெடுக்கும். ஒரு நொடிக்கும் குறைவான நேரம், ஒரே நிரல் இரண்டாக! அப்புறம் நகல் தன் உள்ளடக்கத்தை மொத்தமாக உதறிவிட்டுக் கூப்பிட்ட கட்டளையாகவே மாறிவிடும். வேலை முடிந்ததும் ஓர் எண்ணைச் சொல்லிவிட்டுப் போகும். பூஜ்யம் வாங்கினால் பாஸ்! 127 என்றால், ‘அப்படி ஒரு கட்டளையே இங்கே இல்லைங்க’ என்று, கட்டளைகளை வாங்கி ஓடவைக்கும் ‘ஷெல்’ கைவிரிக்கிறது.

இப்போது வில்லன். ஃபோல்டருக்குப் படம் எடுத்த இடத்தின் பெயராக ‘டாப் சிலிப்’ என்று வைத்து, மேற்கோள்குறி போடாமல் ஷெல்லிடம் கொடுத்துப் பாருங்க. ‘டாப்’ என்று ஒன்றையும் ‘சிலிப்’ என்று ஒன்றையும் தேடிப் போகும், இரண்டும் கிடைக்காது. இதுகூடப் பரவாயில்லை. பெயருக்குள் அரைப்புள்ளியும் அதன் பின்னால் அழிக்கும் கட்டளையும் ஒளிந்திருந்தால் ஷெல் அதையும் கர்மசிரத்தையாகச் செய்து முடிக்கும். ‘ஆர்’ மொழியில் இதற்கென்றே மேற்கோள்குறி போட்டுத் தரும் ‘எஸ்ஹெச்கோட்’ இருக்கிறது. வெளியார் வைத்த பெயர் என்றால் அது இல்லாமல் நான் தொடவே மாட்டேன்.

சரி, பரிசுக்கு வருவோம். ரீகோனிக்ஸ் கேமராக்கள் சில, அந்த நேரத்து வெப்பநிலையையும் நிலாவின் பிறையையும்கூடப் படத்துக்குள் எழுதிவைக்கும். எக்ஸிஃப்டூல் அதையும் உருவிக் கொடுத்துவிடும்! சிறுத்தை நடந்தது அமாவாசையிலா பௌர்ணமியிலா என்று அட்டவணையிலேயே சேர்த்துக்கொள்ளலாம். கேமராவின் கடிகாரம் தப்பாக ஓடியிருந்தாலும் கவலையில்லை. மறுபடி அதே ஆளைக் கூப்பிட்டு எல்லாப் படத்தின் நேரத்தையும் ஒரே வீச்சில் நகர்த்தலாம். ‘ஒரிஜினல்’ என்ற வால் முளைத்த பழைய பிரதி பக்கத்திலேயே பத்திரமாக இருக்கும்.