உரோமபுரியின் நீரும் அதன் காவலரும்

உரோமபுரி தோன்றிய காலந்தொட்டு நான்கு நூற்றாண்டுகளுக்கு மேலாக அந்நகர மாந்தர் தைபர் ஆற்றுநீரையும் கிணற்றுநீரையும் ஊற்றுநீரையுமே உண்டு வாழ்ந்தனர். கி.மு. 312 இல் அப்பியஸ் குளோடியஸ் என்பான் முதற் கால்வாயை அமைத்தான். கலிகுலா கி.பி. 38 இல் தொடங்கிய இரண்டு பெருங் கால்வாய்களைக் குளோடியஸ் பேரரசன் கி.பி. 52 இல் நிறைவேற்றியபோது நகருக்கு நீர் கொணரும் கால்வாய்கள் ஒன்பதாயின. இவற்றை நினைப்போர் உள்ளத்தில் முதற்கண் தோன்றுவன வானளாவும் வளைவுகளே. ஆயினும் நீர் பெரிதும் சென்ற வழி நிலத்தின் கீழேயாம். கி.மு. 144 இல் எழுந்த மார்சியாக் கால்வாய் ஏறத்தாழ 91 கிலோமீற்றர் நீளமுடையது. அதில் ஏறத்தாழ 80 கிலோமீற்றர் மண்ணுள் மறைந்தே சென்றது. மறைந்து செல்லும் நீரைக் காத்தல் அரிது. உரோமரின் நீராட்சி வரலாறு முழுவதும் இவ்வருமையின் வரலாறே எனலாம்.

ஒன்பது கால்வாய் நீரும் ஒரு தரத்தன அல்ல. மார்சியா நீர் குளிர்ச்சிக்கும் தெளிவுக்கும் பெயர் பெற்றது. புதிய அனியோக் கால்வாயின் நீரோ மழைக்காலத்திற் சேறாகும். அகஸ்தஸ் கொணர்ந்த அல்சியெற்றினா நீர் குடித்தற்கே ஒவ்வாதது. செயற்கைக் கடற்போர்க் காட்சிக்கென வெட்டிய குளத்தை நிரப்புதற்கு அது வந்தது போலும்.

நீராட்சிக்கு முறையான அமைப்பொன்றை வகுத்தவன் அகஸ்தஸின் நண்பனாகிய அகிரிப்பா. கால்வாய்களைப் பேணுதற்கு 240 அடிமைகளைத் தன் சொந்தப் பொறுப்பிலே அவன் வைத்திருந்தான். கி.மு. 12 இல் அவன் இறக்க, அவ்வடிமைகள் அகஸ்தஸின் உரிமையாயினர். அகஸ்தஸ் அவர்களை அரசுக்கு வழங்கினான். மறுவருடமே நீர்க்காவலர் என்னும் உயர்பதவி உண்டாயிற்று. பின்னர் குளோடியஸ் மேலும் 460 பேரைச் சேர்த்தான். இவ்வெழுநூற்றுவருட் கண்காணிகள், பங்கீட்டுத் தொட்டிகளின் காவலர், கால்வாய் வழியே சுற்றிப் பார்ப்போர், குழாய் புதைத்தற்குத் தெருக்கல்லைப் பெயர்த்து மீளப் பதிப்போர், சாந்து பூசுவோர் எனப் பலர் இருந்தனர். நகரத்தின் தாகம் தணிந்தது இவர்கள் கையால். நீர் களவு போனதும் பெரும்பாலும் இவர்கள் கையாலேயே.

அக்களவை அறிதற்குக் கருவியாய் இருப்பது ஒரு நூல். கி.பி. 97 இல் நேர்வா என்னும் பேரரசன் செக்ஸ்தஸ் யூலியஸ் புரொன்டினஸ் என்பவரை நீர்க்காவலராக நியமித்தான். அவர் பிரித்தானியாவை ஆண்ட தேசாதிபதி. போர்த்தந்திரம் பற்றி நூல் செய்தவர். பதவியேற்றதும் அவர் செய்த முதற்காரியம் அதனைக் கற்றலாகும். தலைவன் தன் தொழிலைத் தான் அறியாது உதவியாளர் சொற்படி நடத்தலை அவர் இழிவெனக் கருதினார். கால்வாய்களை நேரிற் கண்டார், வரைபடங்கள் தீட்டுவித்தார், கண்டவற்றைத் தமக்கு வழிகாட்டியாக எழுதி வைத்தார். அந்நூலின் பிரதியை 1429 இல் மொன்தே கசீனோ மடத்தில் பொக்கியோ என்னும் அறிஞர் கண்டெடுத்தார்.

தனியார் எவரும் பேரரசனின் ஆணையின்றி நீர் பெறுதல் இயலாது. பெற்ற உரிமையும் ஆளோடு சென்றதேயன்றி, வீட்டை வாங்கியவருக்கோ பிள்ளைக்கோ செல்லவில்லை. உரிமை பெற்றவரின் குழாயைப் பங்கீட்டுத் தொட்டியுடன் இணைப்பது முத்திரையிட்ட வெண்கல வாய்க்குழல். ஈயக்குழாயை விரித்தல் எளிது. வெண்கலத்தை விரித்தல் அரிது. இக்காவலையும் கடந்தனர் நீர்ப்பணியாளர். முத்திரைக் குழலை அடுத்தே அகன்ற ஈயக்குழாயை இணைத்தனர். சிலவிடத்துக் குழலைத் தாழ்த்திப் பொருத்தினர். தாழ்ந்த துளை மிகுநீரை இழுக்குமன்றோ! உரிமை வேறொருவருக்கு மாறியபோது தொட்டியிற் புதுத்துளை இட்டு, பழைய துளையை அடைக்காது விட்டு, அதன் நீரை விற்றனர். நிறைய நீரை ஏற்கும் 100, 120 எண் குழாய்களின் அளவைப் பெருக்கியும், பிறர்க்கு அளிக்கும் 20 எண் குழாயின் அளவைக் குறைத்தும் வைத்தனர். வாங்கும் படி பெரிது, கொடுக்கும் படி சிறிது. இவையெல்லாவற்றினும் துணிவானது தெருக்கல்லின் கீழே ஓடும் குழாய்களை இடையிடையே துளைத்து, வழிநெடுகிலும் உள்ள கடைகளுக்கும் தொழிலகங்களுக்கும் நீர் கொடுத்தமை. இதற்கெனத் தனியாள் ஒருவன் இருந்தான். துளைகளுக்கு உரியவன் என்றே அவனுக்குப் பெயர். இக்கள்ளக் குழாய்களைத் தோண்டி எடுத்தபோது கிடைத்த ஈயமே பெருந்தொகையாயிற்று என்பர்.

நகருக்கு வெளியே வயலுடையோரும் சும்மா இருந்தாரல்லர். தம் நிலத்தருகே கால்வாயை உடைத்துப் பாய்ச்சினர். கி.மு. 9 இல் இயற்றிய சட்டம் இதற்கு 100,000 செஸ்டர்ஸ் தண்டம் விதித்தது. இதனால் வருந்தியோர் நகரத்து எளியோரே. வீட்டுக்குழாய் பெறமாட்டாத அவர்கள் தெருத்தொட்டிகளில் நீர் மொண்டனர். அத்தகைய தொட்டிகள் 591 இருந்தன. களவாற் குறைந்த ஒவ்வொரு குழாய் நீரும் அவர்களது குடத்தின் நீரேயாம்.

புரொன்டினஸ் களவைக் கணக்கினால் பிடிக்க முயன்றார். அவர் கொண்ட அளவு குவினாரியா எனப்படும். ஒன்றேகால் விரல் விட்டமுள்ள குழாயின் கொள்ளளவு அது. அரச ஏட்டின்படி வந்த நீர் 12,755 குவினாரியா. வழங்கிய நீர் 14,018. வந்ததினும் வழங்கியது மிகுதல் எங்ஙனம்? ஐயுற்ற அவர் தலைவாயில்களிற் சென்று அளந்தார். மார்சியாவுக்கு ஏட்டில் 2,162, அளந்தபோது 4,690. எல்லாக் கால்வாய்களையும் கூட்டிப் பார்க்க, ஏட்டளவினும் ஏறத்தாழ 10,000 மிகுந்தது. மிகுதி யாவும் களவாலும் கவனக்குறைவாலும் போயிற்றென அவர் துணிந்தார்.

இங்கே நின்று ஆராய்தல் வேண்டும். அவர் அளந்தது நீரோட்டத்தின் குறுக்குவெட்டுப் பரப்பை மட்டுமே. ஒரே அளவு நீர் சரிவில் விரையும்போது ஒடுங்கியும், சமநிலத்தில் மெல்லச் செல்லும்போது விரிந்தும் காணும். விரைந்தோடும் நீர் மிகுதியாக வரும் என்பதை அவர் உணர்ந்திருந்தார். ஆனால் வேகத்தைக் கணக்கிற் சேர்க்கும் வழியை அவர் கையாளவில்லை. அலெக்சாந்திரியாவின் ஹீரோன் அவ்வழியை எழுதியிருந்தும் அது பரவவில்லை. 1628 இல் பெனெதெத்தோ கஸ்தெல்லி அதனை நிறுவினார். ஆதலின் அந்தப் பதினாயிரத்துள் ஒரு பங்கு, யாரும் திருடாத நீராயிருத்தல் கூடும். எனினும் துளைகளும் கள்ளக் குழாய்களும் கையிற் பிடிபட்டவை. பணியாளர் மேற்சுமத்திய பழி முற்றும் பொய்யன்று. அதன் அளவே ஐயத்துக்குரியது.

களவை ஒடுக்க அவர் கைக்கொண்ட முறைகளுட் சிறந்தது எளியதே. எழுநூற்றுவரைத் தனியார் தம் வேலைகளுக்கு ஏவி வந்தனர். அதனைத் தடுக்க, மறுநாட் பணியை முதல்நாளே எழுதிக் கொடுக்கவும், அன்றன்று செய்ததைப் பதியவும் ஏற்பாடு செய்தார். மார்சியா நீரைக் கலங்கல் நீரினின்றும் பிரித்துக் குடிநீருக்கு ஒதுக்கினார். நீருரிமையால் வரும் ஏறத்தாழ 250,000 செஸ்டர்ஸ் வருவாய் முன்பு தொமிற்றியன் பேரரசனின் சொந்தப் பேழைக்குச் சென்றது. நேர்வா காலத்தில் அது மக்களுக்கு மீண்டது.

உரோமபுரியின் மண்ணைத் தோண்டுவோர் இன்றும் ஈயக்குழாய்களைக் காண்கின்றனர். அவற்றிற் பேரரசன் பெயரும் வீட்டுடையோன் பெயரும் பொறித்திருப்பதுண்டு. சிலவற்றில் குழாயை வார்த்த கம்மியன் பெயரும் உண்டு.